நாலு வீட்டுத் துணி

1

எங்கண்ணன் குளத்தூரிலிருந்து எனக்கு இரண்டு புதுச் சேலை கொடுத்தனுப்பியிருக்கிறார். தீபாவளி கிடையாது, பொங்கல் கிடையாது, எங்கள் வீட்டில் விசேஷமும் கிடையாது. கொண்டுவந்தவர் திருமயத்துப் பக்கத்து மனிதர், இங்கே மலாயாவில் ஈப்போவில் ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்கு வந்திருப்பவர். சேலையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, காப்பியைத் தொடாமல், தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, ஊர்ல எல்லாரும் சுகந்தானே?" என்றேன்.

"அங்கிட்டு எல்லாரும் சுகந்தாங்க. இங்கிட்டு எப்படின்னுதான்... மறைக்காமச் சொல்லுங்க தங்கச்சி. மாப்பிள்ளைக்கு வேலை போயிருச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டுக்காரர் அன்று காலையில்தான் இட்லி போதவில்லை என்று சண்டை பிடித்துவிட்டு ரயில்வே சரக்கு ஆபீசுக்குப் போயிருந்தார். துருவித் துருவிக் கேட்ட பிறகு விஷயம் வெளியே வந்தது. நம்மூர்க்காரர் ஒருத்தர் போன வருஷம் இங்கே வந்திருக்கிறார். பாசாரில் என்னைப் பார்த்திருக்கிறார். ஊருக்குத் திரும்பி, "குளத்தூர்ப் பொண்ணு ஒட்டுப்போட்ட ரவிக்கையோட திரியுது, தோள்ல ஒரு கந்தல் பை வேற, பாவம்" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், நாங்கள் நொடித்துப்போய்விட்டோம் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

அட கடவுளே! அந்த ரவிக்கைக் கையின் ஒட்டு என்னவென்று தெரியுமா அந்தப் புண்ணியவானுக்கு? இங்கத்துப் பெண்கள் இடுப்பில் சுற்றுகிற பழைய ஜாவா சாரோங்கில் கிழியாமல் மிஞ்சிய ஒரு மயிலும் அதன் குஞ்சும். அதை நூல் பிரியாமல் வெட்டி எடுத்து, என் கறுப்பு ரவிக்கையில் வைத்துத் தைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. கந்தல் பை என்றாரே, அதைப் பார்த்து ஒரு வெள்ளைக்காரத் துரைசானி கடைத்தெருவில் என்னை நிறுத்தி விலை கேட்டாள். கொடுக்கமாட்டேன் என்றேன்.

இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. சந்தைக்குப் போகிறேன் என்று சொல்ல வாய் வருவதில்லை, பாசார் என்றுதான் வருகிறது. என் மகள் வள்ளி கனவில் மலாய் பேசுகிறாள். இதையெல்லாம் எழுதினால் ஊரில் யாரும் கவலைப்படுவதில்லை. ரவிக்கையில் ஒட்டு என்றால் மட்டும் சேலை வருகிறது! இதை எழுத உட்கார்ந்ததே அந்த வயிற்றெரிச்சலில்தான்.

2

நாங்கள் நாலு பேர். வியாழக்கிழமை மத்தியானம், ஆண்கள் ஆபீசிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலும் இருக்கும் நேரம், அன்னம்மாவின் வீட்டில் பழந்துணி தைக்கக் கூடுவோம். அவள் யாழ்ப்பாணத்துக்காரி, தபாலாபீஸ் குமாஸ்தாவின் மனைவி. மிஷன் பள்ளியில் படித்தவள், அவளிடம்தான் கால் மிஷின் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கூடலாம் என்றுதான் முதலில் சொன்னாள். வெள்ளிக்கிழமை துணியில் கத்தரி வைப்பதாவது என்று நான் துள்ளினேன். "உங்கட ஊரிலை கத்தரிக்கும் விரதமோ?" என்று சிரித்துவிட்டு வியாழனுக்கு மாற்றினாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் கிம் அக்கா. சீனக் குடும்பம், ஆனால் தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பவர்கள். பேச்சு மலாய், உடுப்பு சாரோங், சமையலில் நம்மைவிட மிளகாய். வயது அறுபதுக்கு மேல். ஒருநாள் அவள் வீட்டுக் கொல்லையில் பழைய சாரோங்குகளை வெயிலுக்குப் போட்டிருந்தாள். பூ, பறவை, வண்ணத்துப்பூச்சி! நான் கீரைக்கட்டோடு வேலி ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், "உள்ளே வந்து தொட்டுப் பார்" என்றாள். மறுநாள் நான் என் பெட்டியைத் திறந்து கண்டாங்கிச் சேலைகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். அரக்கும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட நம்ம பக்கத்துப் பருத்திச் சேலை. அதை அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "எத்தனை துவைப்பு கண்டது?" என்றாள். என் கல்யாணத்துக்கு முந்தியிருந்தே துவைக்கிறோம் என்றேன். "அதுதான் இவ்வளவு மெது" என்றாள். துணி பழசாவதைப் பெருமையாகப் பேசிய முதல் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பழந்துணி வேலைக்கென்று ஒரு பக்குவம் இருக்கிறது. முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். மடிப்பில் எங்கே இற்றிருக்கிறது என்று தெரியும். பட்டு எப்போதும் ஜரிகை ஓரத்தில்தான் முதலில் விட்டுப்போகும், அதற்கு அடியில் மல்துணி கொடுக்கவேண்டும். கிம் அக்கா கிழிசலைத் தைக்கக் கடையில் நூல் வாங்கமாட்டாள். அதே துணியின் ஓரத்திலிருந்து இழை உருவி அதாலேயே தைப்பாள். தைத்த இடம் அவளுக்கே தெரியாது. எனக்கு நேர்மாறு. ஒட்டு தெரியவேண்டும், தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கவேண்டும். இதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியதிலிருந்து நல்ல நூல்கண்டு குதிரைக்கொம்பு ஆகிவிட்டதால் இப்போது நானும் இழை உருவ ஆரம்பித்திருக்கிறேன். கிம் அக்கா பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

வள்ளிக்கு ஒரு பாவாடை தைத்தோம். ஊர்ச் சேலைக் கரையெல்லாம் சேர்த்து, அடுக்கடுக்காக. அதைப் போட்டுக்கொண்டு, "அம்மா, இது எந்த ஊர்த் துணி?" என்றாள். புதுக்கோட்டை என்றேன். "அது இந்தியாவிலயா இருக்கு?" என்றாள். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. பாவாடையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கரை திருமயம் தேர்ச் சந்தையில் வாங்கினது, இது உன் மாமன் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியிலேயே விளையாட ஓடிவிட்டாள்.

3

நாலாவது ஆள் சிவகாமி. அவளைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமம். புருஷனுக்கு இங்கே அரிசி மண்டியில் வேலை. எங்கள் நாலு பேரில் கையில் வித்தை இருப்பது அவளுக்குத்தான். ஊசியைப் பிடித்தால் துணி அவள் சொன்னபடி கேட்கும். சின்னச் சட்டை தைப்பதில் அவளுக்கு அலாதி ஆசை. முதல் தடவை முழுகாமல் இருந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று பூப்போல இரண்டு சட்டை தைத்தாள். பிள்ளை பிறந்து சில நாளில் ஜன்னி கண்டு போய்விட்டது. இரண்டாவது பிள்ளைக்கும் ஆசையை அடக்கமுடியாமல் தைத்தாள். அதுவும் தங்கவில்லை.

நம்ம பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்குத் துணி தைக்கமாட்டோம், தொட்டில் வாங்கமாட்டோம். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது போதாதா? இவள் தைத்ததால்தான் போச்சு என்று ஊரிலிருந்து இவள் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அதோடு நிற்கவில்லை. அவள் கை பட்ட துணியே பிள்ளைக்கு ஆகாது என்றாள். மூன்றாவது தடவை தலைமுழுகவில்லை என்று தெரிந்ததும், "இதுவும் தங்கலைன்னா என் மகனுக்கு எங்கண்ணன் மகளைக் கட்டிவைப்பேன்" என்று சொல்லியனுப்பினாள். புருஷன்காரன் நல்லவன்தான். ஆனால் ஆத்தா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லாதவன்.

சிவகாமி என்னிடம் வந்து, ஊசிப்பெட்டியை என் மடியில் வைத்துவிட்டாள்.

"நெசமாவே என் கைதானாக்கா? என் கைதான் ரெண்டையும் தின்னுருச்சா?"

"போடி கிறுக்கச்சி. ஜன்னிக்கு ஊசி என்ன பண்ணும், நூல் என்ன பண்ணும்?" என்று கத்தினேன்.

கத்தி என்ன பிரயோசனம்? மாமியார் சொன்னதை இவளே நம்பிவிட்டாள். தன் இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிம் அக்காவிடம் சொன்னேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே தங்கள் வழக்கம் ஒன்றைச் சொன்னாள். பிள்ளை தங்காத வீட்டில், அக்கம்பக்கத்தில் வீடுவீடாகப் போய்ப் பழந்துணித் துண்டு கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் இணைத்துப் பிள்ளைக்கு ஒரு சட்டை தைப்பார்களாம். நூறு வீட்டுப் பிள்ளை என்று ஆகிவிட்டால் எமன் எந்த வீட்டில் வந்து தேடுவான்?

இது எனக்குப் புதிதாகவே படவில்லை. எங்கள் தெருவில் பிச்சை என்று ஒருத்தன் இருந்தான். மூன்று பிள்ளை பறிகொடுத்த தாய்க்கு அடுத்துப் பிறந்தவன். அவனைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். ஊரே கூடி வளர்த்தது. இப்போது அவன் தொந்தியும் தொப்பையுமாகக் கடை வைத்திருக்கிறான். நாம் பிள்ளையை விற்று வாங்குகிறோம், இவர்கள் துணியைப் பிச்சை கேட்கிறார்கள். பயம் ஒன்றுதான்.

பிறக்கும்வரை துணி சேர்ப்பது மட்டும், கத்தரியும் ஊசியும் பிறந்த பிறகு. இதில் கிம் அக்காவுக்கும் எனக்கும் அபூர்வமாகச் சண்டை வரவில்லை. மறுநாளே நானும் அவளும் கிளம்பினோம். மலாய்ப் போலீஸ்காரரின் மனைவி கட்டம் போட்ட சாரோங்கில் ஒரு முழம் கிழித்தாள். பஞ்சாபிக் காவல்காரர் வீட்டில் பூவேலை செய்த சிவப்புத் துண்டு கிடைத்தது. சீன சலவைக்காரர் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். நம் தமிழ் வீடு ஒன்றில் மட்டும், "ரயில்வே குமாஸ்தா வீட்டு அம்மா பிச்சைக்கு வந்துட்டீங்களே" என்று கதவைச் சாத்தினார்கள். கிம் அக்கா என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

4

சிவகாமிக்கு ஏழாம் மாதம் ஆனபோது மாமியார் கப்பலேறி வந்தாள்.

பினாங்குத் துறைமுகத்தில் அவளை ஆபீசர் நிறுத்திவிட்டான். எந்த ராஜ்யத்துப் பிரஜை என்று கேட்டிருக்கிறான். பிரிட்டிஷ் இந்தியா என்று மகன் சொல்லிக்கொடுத்திருந்தும், "நாங்க புதுக்கோட்டை மகாராஜா குடி. வெள்ளைக்காரன் குடி இல்லை" என்று நிமிர்ந்து சொன்னாளாம். ஆபீசரின் அட்டவணையில் புதுக்கோட்டை இல்லை. அம்மைப்பால் வைத்த தழும்பை இரண்டு தடவை பார்த்தார்கள். பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மகனுக்கென்று கட்டுமாவடிக் கருவாடு அடைத்துக் கொண்டுவந்திருந்தாள். திறந்த வேகத்திலேயே மூடிவிட்டு, போகச் சொல்லிவிட்டார்களாம். இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்தேன். ஆனால் நேரில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. வெள்ளைச் சேலை, ஒட்டிய கன்னம், குத்துகிற பார்வை.

சிவகாமியைத் தனியே விடமாட்டாள். வியாழக்கிழமை சிவகாமி அழுது கேட்டதால் கூடவே கூட்டி வந்தாள், ஊசியைத் தொடாமல் பார்த்துக்கொள்வதற்கு. சிவகாமி கையைக் கட்டிக்கொண்டு எங்கள் நடுவே உட்கார்ந்திருப்பாள். "அக்கா, அந்தச் செவப்புக்குப் பக்கத்துல மஞ்சள வச்சுப் பாருங்க" என்பாள். சொன்னபடி வைத்தால் துண்டுகள் உயிர் பெறும். மாமியார் கதவோரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு வியாழன். சேர்ந்த துண்டுகளைப் பாயில் பரப்பியிருந்தோம். கிம் அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, கதவோரத்தைக் காட்டி என்னிடம் மலாயில் சொன்னாள். "அந்த அம்மாவிடமும் ஒரு துண்டு கேள். அவள் சேலை நன்றாகத் துவைத்த துணி."

புருஷனை இழந்தவளிடம், பிறக்கப்போகும் பிள்ளைக்கு, அவள் வெள்ளைச் சேலையில் துண்டு கேட்பதா? நம்ம ஊரில் நலங்கு வைக்கும் இடத்தில் அவள் வந்து நிற்கக்கூட மாட்டாள். கிம் அக்காவுக்கு இது தெரியாது. சிவகாமிக்கு அரைகுறை மலாய் தெரியும். அவள் சட்டென்று மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்தா சொல்றா அவ?" என்றாள் மாமியார். "என்னையத்தானே காட்டுறா?"

மழுப்பியிருக்கலாம். ஏனோ மனசு வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"என் துணியவா?" அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "நான் தாலி அறுத்தவன்னு அவளுக்குச் சொல்லு."

சொன்னேன். கிம் அக்கா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நானும்தான். என் புருஷன் போய் வெகுகாலம். இதோ கிடக்கிறதே, இந்த முதல் துண்டு என் சாரோங். பிள்ளையை எல்லோரும் சேர்ந்து தாங்கவேண்டும் என்றுதானே வீடுவீடாகப் போகிறோம்? புருஷன் இருக்கிறவர்கள் மட்டும் தாங்கினால் போதுமா?"

இதையும் ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னேன். தலையணை உறை தைத்துக்கொண்டிருந்த அன்னம்மா மிஷினை நிறுத்திவிட்டாள். மாமியார் பாயில் கிடந்த துண்டுகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு, "எந்திரி, பொழுதாச்சு" என்று சிவகாமியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வியாழக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. எல்லாம் கெட்டுப்போச்சு என்று நான் கிம் அக்காவிடம் எரிந்து விழுந்தேன். அவளுக்குக் காரணமே புரியவில்லை.

5

பெண் குழந்தை. "பொட்டப்புள்ளைன்னா என்ன, தங்கட்டும்" என்றாளாம் மாமியார்.

பார்க்கப் போனேன். பழைய வேட்டித்துணியில் சுற்றிவைத்திருந்தார்கள். பிறந்த பிள்ளைக்கு நாம் புதுத்துணி போடுவதில்லையே. ஊர்க்காரர்களே, பழந்துணி கேவலம் என்கிறீர்களே, நீங்கள் முதன்முதலில் உடம்பில் போட்டது என்ன என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள்!

முந்தின இரண்டும் போன அதே வயதில் இதற்கும் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சிவகாமி கட்டிலில் கையைத் துணிக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்சு பிள்ளையை நீட்டினால் வாங்கமாட்டேன் என்கிறாள். "நான் தொடலைக்கா. நான் தொட்டா போயிரும்." எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. பால் கொடுக்கக்கூட மாமியார்தான் பிள்ளையை ஏந்திக் காட்டினாள். பெற்றவள் பிள்ளையைக் கையால் தொடாமல் பால் கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாமியாரும் பார்த்தாள். அவள் முகம் அப்போது கிடந்த கிடப்பை என்னால் எழுதமுடியாது. தான் சொன்ன சொல் எங்கே போய் நின்றிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

காய்ச்சல் இறங்கியது. பிள்ளை வீட்டுக்கு வந்தது. ஆனாலும் சிவகாமி தூக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் மாமியார் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இந்த ஊரில் அவள் தனியாகத் தெருவில் இறங்கியது அதுதான் முதல் தடவை. வியர்த்து வடிந்தது.

"எல்லாரும் வீட்டுக்கு வாங்க. அந்தச் சீனத்தியையும் கூட்டிட்டு வா. துணிகளை எடுத்துக்க."

போனோம். கூடத்தில் பாய் போட்டு வைத்திருந்தாள். மிஷின் இல்லை, கையால்தான் தைத்தோம். அன்னம்மா கழுத்து, நான் கைகள், கிம் அக்கா முன்பக்கம். கண்டாங்கி, சாரோங், பஞ்சாபிப் பூ, யாழ்ப்பாணத்து லேஸ் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு சின்னச் சட்டை உருவாகிக்கொண்டு வந்தது. என் ஒட்டு தூரத்திலிருந்தே தெரிந்தது, கிம் அக்காவின் ஒட்டு தேடினாலும் தெரியவில்லை. முதுகில் மட்டும் ஓர் இடம் பாக்கி. சிவகாமி சுவரோடு சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நிறம்கூடச் சொல்லவில்லை.

மாமியார் உள்ளே போய், மடித்த வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். துவைத்துக் காயவைத்து, ஓரம் அடித்து வைத்திருந்தாள். கிம் அக்கா இரண்டு கையையும் நீட்டினாள். மாமியார் அவளிடம் கொடுக்கவில்லை, என்னிடமும் கொடுக்கவில்லை. பாயில் கிடந்த சட்டையை எடுத்து, துண்டை அதன்மேல் வைத்து, என் கையிலிருந்த ஊசியையும் வாங்கிக்கொண்டு, நேரே மருமகளிடம் போனாள்.

"இந்தா."

சிவகாமி சுவரோடு ஒடுங்கினாள். "நானா அத்தை? என் கை..."

"ஒன் கைதான். ஒன் கைக்கு ஒண்ணும் இல்லை. நான்தான் வாயில வந்ததைச் சொல்லிப்புட்டேன். தையி."

சிவகாமி வாங்கினாள். முதல் தையல் போடுமுன்பே பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. கிம் அக்காவுக்கு நான் எதையும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

மாமியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். பிறகு தன் முந்தானையால் மருமகளின் கண்ணை அழுத்தித் துடைத்தாள்.

"அழுகாதடி. கண்ணுல தண்ணி நின்னா தையல் கோணிப்போகும். புள்ளை போடணும்ல."